நிற்கும் இடங்களும் நில்லாத இடங்களும்

வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, பத்துப் பதினைந்து பேர் பின்தொடர்ந்து ஒரு பழைய நகரை நடந்தே சுற்றிப் பார்ப்பது ஐரோப்பாவில் வேரூன்றிவிட்ட வழக்கம். இதனைத் திறனாய்வுக்குரிய பொருளாக எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் தொடக்கம், முடிவு, நிகழ்ச்சிகளின் ஒழுங்கு, சொல்வது, சொல்லாமல் விடுவது என ஒரு கதைக்குரிய உறுப்புகள் அனைத்தும் இதற்கும் உண்டு. தவக்காலந்தோறும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளில் நின்று நின்று நடக்கும் நமக்கு, நிற்கும் இடமே பொருளை உணர்த்துகிறது என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் அமைந்த ரேகன்ஸ்பூர்க் நகரில் நாம் பங்கேற்ற இரண்டு மணி நேர நடையொன்றை அந்த நோக்கில் இங்கு மதிப்பிட முனைகிறோம்.

முதலில் நிறைகளைச் சொல்வதே முறை. இந்நகரின் பழைய பகுதி 2006 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. கி.பி. 179 இல் உரோமையர் எழுப்பிய படைமுகாமின் வாயில், ஆயர்மனையாக விளங்கிய கட்டடத்தின் சுவரோடு சுவராக இன்றும் நிற்கிறது. 1273 ஆம் ஆண்டுத் தீக்குப் பின் எழத் தொடங்கிய புனித பேதுரு பேராலயத்திற்கு, அதன் இரட்டைக் கோபுரங்களின் உச்சி வாய்த்தது 19 ஆம் நூற்றாண்டில்தான். 1663 முதல் 1806 வரை பேரரசின் நிலைப் பேரவை கூடிய நகர் மன்றமும் அருகிலேயே உள்ளது. இவ்வளவையும் நமது வழிகாட்டி பதற்றமின்றி, கால்கள் களைக்காத வேகத்தில், நூற்றாண்டுகளைக் குழப்பாமல் விளக்கினார். வண்டியில் விரைபவர் காணாத ஒன்றை, உரோமைக் கல்லின்மேல் இடைக்காலக் கல் அமர்ந்திருக்கும் அடுக்கினை, நடப்பவர் காண்கிறார். இவ்வகையில் இந்நடை தன் கடமையை நிறைவாகவே செய்தது எனலாம்.

ஆனால் கற்பாலத்தில் தொடங்குகிறது நமது முதல் தயக்கம். 1135 முதல் 1146 வரை கட்டப்பட்ட இப்பாலத்தின்மேல் வழிகாட்டி நெடுநேரம் நின்று சொன்னது, ஊரறிந்த பழங்கதையொன்றை. பாலம் கட்டியவரும் பேராலயம் கட்டியவரும் யார் முந்துவது எனப் பந்தயம் கட்டினராம். பாலத்தார் அலகையின் உதவியை நாடினாராம். கூலியாக முதலில் கடக்கும் மூன்று உயிர்களை அலகை கேட்க, ஒரு சேவலையும் ஒரு கோழியையும் ஒரு நாயையும் விரட்டிவிட்டு அதனை ஏமாற்றினராம். கேட்டோர் சிரித்தனர். பாலம் முடிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே இப்பேராலயத்திற்குக் கடைக்கால் இட்டனர் என்பதால் பந்தயத்திற்கே இடமில்லை. பழங்கதை பழங்கதையாகவே இருக்கட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. அக்கதைக்குத் தந்த நேரத்தில் அந்த ஆறும் பாலமும் அறிந்த வேறு செய்திகள் இடம் இழந்தன என்பதே நமது குறை.

1096 இல் முதல் சிலுவைப்போர்க் கும்பல்கள் இந்நகரின் யூதர்களை இதே டான்யூப் ஆற்றுக்குள் தள்ளிக் கட்டாயத் திருமுழுக்கு அளித்தன. அடுத்த ஆண்டே பேரரசர் நான்காம் ஹென்றி அவர்கள் தம் சமயத்திற்குத் திரும்ப இசைவளித்தார். 1945 மார்ச், ஏப்ரல் திங்கள்களில், பாலத்தின் மறுகரையில் ஒரு விடுதியின் கூடத்தில் அடைபட்டிருந்த வதைமுகாம் கைதிகள் ஏறத்தாழ 400 பேர் இருப்புப்பாதை வேலைக்காக நாள்தோறும் இப்பாலத்தின் வழியே நடத்திச் செல்லப்பட்டனர். அதுவும் ஒரு நடையே. திருமுழுக்கு என்னும் அருளடையாளத்தைத் தாங்கிய நீர் எது, அதனை இழிவுபடுத்திய நீர் எது என்று சிந்திக்க வைக்கும் ஆற்றின்மேல் நின்றுகொண்டு, கோழியையும் நாயையும் மட்டுமே நாம் நினைவில் கொண்டு சென்றோம்.

நடையின் நடுப்பகுதி நொய்ப்ஃபார்பிளாட்ஸ் சதுக்கம். யூதர் குடியிருப்பு இருந்த இடம் இது. 10 ஆம் நூற்றாண்டிலேயே இந்நகரில் யூதர் வாழ்ந்தமைக்குச் சான்று உண்டு. 1217 இல் இறந்த ஞானி யூதா ஹஸீத் போன்றோர் கற்பித்த ஊர் இது. இங்கு நின்று வழிகாட்டி ஆங்கிலத்தில் கூறியவற்றைச் சுருக்கினால் மூன்று தொடர்கள் தேறும்: 1519 இல் யூதர்கள் வெளியேற்றப்பட்டனர்; தொழுகைக்கூடம் இடிக்கப்பட்டது; அவ்விடத்தில் ஆலயம் கட்டப்பட்டது. மூன்றும் செயப்பாட்டுவினைகள். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் செய்தவர் யார் என்னும் வினாவுக்கு இவற்றில் விடையில்லை.

விடை வரலாற்றில் உண்டு. பேராலய மறையுரையாளர் பால்தசார் ஹூப்மயர் யூதருக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் மறையுரை ஆற்றினார். 1519 சனவரியில் பேரரசர் மாக்சிமிலியன் இறந்து, யூதருக்கிருந்த பேரரசின் காவல் தளர்ந்ததும், நகர மன்றம் பிப்ரவரியில் ஏறத்தாழ 500 யூதரைத் துரத்தியது. மக்கள் கல்லறைகளைப் பெயர்த்து, எழுத்துப் பொறித்த கற்களைக் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டனர். இடிக்கும் வேலையில் அடிபட்ட ஒருவர் பிழைத்தது அன்னை மரியாவின் புதுமை எனப்பட, அங்கே மரத்தாலான ஆலயம் எழுந்தது. திருப்பயணிகள் பல்லாயிரமாய்த் திரண்டனர். மன்றத்தைச் சார்ந்தவரான ஓவியர் ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர், அழியவிருந்த தொழுகைக்கூடத்தை இரண்டு செதுக்கோவியங்களில் பதிவு செய்தார். இறைவனின் நீதித் தீர்ப்பால் அது தகர்க்கப்பட்டதாக அவற்றில் ஒன்றில் இலத்தீனில் பொறித்தார். அங்கும் செயப்பாட்டுவினையே, மனிதர் செய்ததை இறைவன்மீது ஏற்றிய செயப்பாட்டுவினை.

இந்த ஹூப்மயர் பின்னர் மறுதிருமுழுக்கு இயக்கத்தில் சேர்ந்தார். தப்பறைக் கொள்கையினரை எரிப்பது கிறிஸ்துவின் வழியன்று என்று 1524 இல் எழுதினார். 1528 இல் வியன்னாவில் எரிக்கப்பட்டார். மூன்று நாள்கள் கழித்து அவர் மனைவியை டான்யூப் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர்.

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ளது டாகவ்பிளாட்ஸ். 1945 ஏப்ரல் 23 அன்று, நகரைப் போரின்றி ஒப்படைக்க வேண்டி மக்கள் அங்குக் கூடினர், பெரும்பாலோர் பெண்கள். பேராலய மறையுரையாளர் அருள்திரு யோகான் மயர் அவர்களுக்காகப் பேசினார். பேச்சு முடியுமுன் கைது செய்தனர். மறுநாள் விடியுமுன் அதே இடத்தில் தூக்கிலிட்டனர். மூன்று நாள்களில் நகரம் போரின்றி அமெரிக்கப் படையிடம் வந்தது. நமது நடை அவ்விடத்திற்குச் செல்லவேயில்லை.

ஒரே பேராலயத்தின் மறையுரையாளர் இருவர். ஒருவரின் சொல் வீடுகளைக் காலியாக்கியது. மற்றவரின் சொல் வீடுகளைக் காக்க எழுந்தது. இருவரையும் ஒரே நடையில் இணைப்பதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பத்து நிமிடங்களே. மயரைக் காட்டி ஹூப்மயரை மறைத்துவிடலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தியாகியின் குருதி, முன்னோரின் கணக்கைத் தீர்க்கும் நாணயம் அன்று. இருவரும் அருகருகே நிற்கையில்தான், மறையுரை மேடையில் ஏறும் ஒவ்வொருவருக்கும் தம் சொல்லின் எடை விளங்கும்.

சுற்றுலாப் பயணியின் ஓய்வு நேரத்தில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நாம் கேட்பது கூடுதல் நேரமன்று, எழுவாயை மட்டுமே. ‘மன்றம் துரத்தியது, மறையுரையாளர் தூண்டினார்’ என்பது, ‘வெளியேற்றப்பட்டனர்’ என்பதைவிட நீளமான செய்தியன்று. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாச அறிக்கையில் பிலாத்துவின் பெயர் நிற்கிறது. ஆண்டவர் பாடுபட்டார் என்பதோடு திருச்சபை நிறுத்திக்கொள்ளவில்லை. யாருடைய ஆட்சியில் என்பதையும் சேர்த்தே அறிக்கையிடுகிறது. அந்தப் பாடுகளின் பழியை யூத இனத்தார் அனைவர்மீதும் சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் தெளிவுறுத்தியது. அவ்வாறு சுமத்திய மறையுரைகள் எங்கே ஒலித்தன என்று சுட்டுவது அப்படிப்பினைக்கு இசைந்ததேயாகும்.

இதே சதுக்கத்தில், அகழாய்வில் வெளிப்பட்ட தொழுகைக்கூடத்தின் அடித்தள வடிவை இஸ்ரயேல் நாட்டுச் சிற்பி டானி காரவான் 2005 இல் வெண்ணிறக் கற்காரையில் அமைத்துள்ளார். அதற்குச் சுவருமில்லை, கூரையுமில்லை. மக்கள் தூண்களின் அடிகளில் அமர்கின்றனர். பிள்ளைகள் தாவி விளையாடுகின்றனர். எழுந்து நிற்கும் நினைவுத்தூண் தூரத்திலிருந்து வணக்கம் பெறுகிறது. இதுவோ வருவோரைத் தன் வாசல் வழியே உள்ளே அழைத்து உட்கார வைக்கிறது. இந்நடையில் நாம் கண்டவற்றுள் சிறந்த வழிகாட்டி இக்கற்களே எனத் துணிந்து கூறலாம். ரேகன்ஸ்பூர்க் செல்லும் வாசகர்கள் நடை முடிந்த பின் இங்கே திரும்பி வந்து சற்று அமர்ந்துவிட்டு, டாகவ்பிளாட்ஸ் வரை தாமே நடந்து செல்வார்களாக.