ரோனியோவும் ரிசோவும்: குறையும் அழகும்

இலக்கியத்தின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் விரிவாக ஆராயும் விமர்சகர்கள், அவ்விலக்கியத்தைத் தாளிற் பதிக்கும் சாதனம் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. ஆயினும் ஒரு படைப்பு எத்தனை பேரை, யாருடைய அனுமதியின்றி, எவ்வளவு செலவிற் சென்றடைகின்றது என்பதும் விமர்சனத்துக்குரிய வினாவேயாகும்.

ஈழத்தில் ஒரு காலத்தில் பரீட்சை வினாத்தாள்கள் முதல் துண்டுப்பிரசுரங்கள் வரை ரோனியோவிலேயே பிரதியாக்கப்பட்டன. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப் பொறியின் எழுத்துகள் துளைக்க, அத்துளைகளினூடாக மை கசிந்து தாளிற் படியும்.

யப்பானில் நொபொரு ஹயாமா 1946 இல் தொடங்கிய சிறு அச்சகமே பின்னர் ரிசோ நிறுவனமாக வளர்ந்து, 1980 இல் ரிசோகிராப் பொறியை வெளியிட்டது. 'ரிசோ' என்பதற்கு இலட்சியம் என்பது பொருள். இதன் தத்துவமும் ரோனியோவினுடையதே. துளையிடும் முறையே மாறியது. இன்றைய பொறி மூலப்பிரதியை ஒளியால் வருடி, வெப்பமுனைகளால் மெல்லிய மாஸ்டர் தாளில் நுண்துளைகளை இடுகின்றது. அத்தாள் மையுருளையைச் சுற்றிக்கொள்ள, நிமிடத்துக்கு நூறு பிரதிகளுக்கு மேல் வெளிவருகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வோர் உருளை வேண்டும். ஒற்றையுருளைப் பொறியில் இரண்டாம் நிறத்துக்காகத் தாள் மீண்டும் உட்செல்லும்போது நிறங்கள் இம்மியளவு விலகுவதுண்டு. மஞ்சளின்மேல் நீலம் படிந்தாற் பச்சை பிறக்கும். மை தாளில் ஊறியே அடங்குவதால், பளபளப்பான தாள் இதற்கு ஒவ்வாது.

மாஸ்டர் தாளின் செலவு ஒருமுறைக்குரியது. பிரதிகள் பெருகப் பெருகத் தனிப்பிரதியின் செலவு குறையும். பத்துப் பிரதிகளுக்குப் போட்டோப்பிரதியும் பல்லாயிரத்துக்கு ஓவ்செற்றும் பொருந்தும். இடைப்பட்ட சில நூறு பிரதிகளே ரிசோவின் களம். அன்புவழிபுரம் போன்றதோர் ஊரிலே தன் முதற் கவிதைத் தொகுப்பை இருநூறு பிரதிகளாக வெளியிட விரும்பும் இளைஞனின் தேவையும் அதுவேயன்றோ!

இன்று மேலைநாட்டு ஓவியர்களும் சிறுபதிப்பாளர்களும் ரிசோவை நாடுவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. நிற விலகலையும் மைத்திட்டையும் அவர்கள் அழகெனப் போற்றுகின்றனர். ஒவ்வொரு பிரதியும் சிறிது வேறுபடுவதில் மனிதக் கைவண்ணத்தைக் காண்கின்றனர். இக்கருத்தை முற்றாக ஏற்றல் இயலாது. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்து நாளேடுகள் கோடிட்ட கொப்பித் தாள்களில் வெளிவந்தன. அக்கோடுகளை எவரும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. வாசகர்கள் அவற்றினூடே செய்தியையே தேடினர். வறுமை திணித்த குறையும் வசதி விரும்பியேற்ற குறையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும், அவற்றின் சமூகப் பொருள் வேறாகும்.

ஆகவே ரிசோவின் பெருமையை அதன் மங்கலான நிறத்தில் மட்டும் தேடுதல் பொருந்தாது. பெருமுதலும் பேரச்சகமும் இல்லாதவன் தன் சொல்லைத் தானே பெருக்கிக்கொள்ள அது வழிசெய்கின்றது. ரோனியோ விட்டுச்சென்ற உண்மையான மரபு அதுவே. அம்மரபைப் பேணும்வரையிலேயே ரிசோவின் அழகியலும் பொருளுடையதாகும்.