பாயிண்டில் நின்றுபோகும் எஞ்சின்

திருவனந்தபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி என மூன்று திசைப் பாதைகள் கூடும் இடம் நாகர்கோவில் ஜங்ஷன். அங்கே மின்சார எஞ்சின், தடம் பிரியும் பாயிண்டைக் கடக்கையில் தடதடக்குமே தவிர நிற்காது. அதற்கு மின்சாரம் தலைக்கு மேலே ஓடும் கம்பியில் இருக்கிறது. மேசைமேல் ஓடும் எச்ஓ அளவு மாதிரி ரயில் எஞ்சினுக்கோ, 16.5 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடக்கும் தண்டவாளங்களே மின்கம்பி. பாயிண்டில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங் பலவற்றில் வெறும் பிளாஸ்டிக். நாலு சக்கரக் குட்டி எஞ்சினுக்குப் பக்கத்துக்கு இரண்டே சக்கரம். ஒன்று பிளாஸ்டிக்கில், இன்னொன்று அழுக்கில் என்றால் வண்டி நின்றது!

காரணத்தைத் துப்பறிவதில்தான் ருசி. பாதை முழுக்க மின்சாரம் போனால் ஷார்ட். சக்கரங்களின் இடைவெளியை அளக்க வேண்டும். எஞ்சின் மட்டும் நின்றால் மின்சாரம் எட்டவில்லை. நகரும் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒட்டும் இடத்தை மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தூசிதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் கடல் ஈரமும் உள்ள ஊரில் அதற்கென்ன பஞ்சம்? துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், அந்தக் கீறல்களில் அழுக்கு குடியேறிவிடும்.

எஞ்சினுக்குள் கெப்பாசிட்டர் வைத்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். எனக்கென்னவோ அது நோயை மறைக்கும் மாத்திரை. உலோகக் கிராசிங் போட்டு, பாயிண்ட் திரும்பும்போதே அதன் மின்முனையும் மாறும்படி சுவிட்ச் இணைப்பதே சரியான வேலை.