குறுஞ்சொல்லும் அமானிதமும்

நாம் அறியாத மொழியைப் பிதற்றல் என்று தள்ளிவிடுவது எளிது. இணையவழியே பலர் கூடிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் இளைஞர்கள் எழுதிக்கொள்வதைக் காணும் பெற்றோர், “இது தமிழுமன்று, ஆங்கிலமுமன்று, என்ன பாஷை இது?” என்று சலித்துக்கொள்கின்றனர். விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவது நம் மரபன்று. ஆதலின் முதலில் விசாரிப்போம்.

1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்னும் விளையாட்டில் படமே கிடையாது, யாவும் எழுத்துதான். பின்னர் ‘எவர்குவெஸ்ட்’ (1999), ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ (2004) போன்றவற்றில் படங்கள் வந்தன. எனினும் போரிடும் விரல்களே பேசவும் வேண்டியிருந்தது. பகைவன் வாளோங்கி நிற்கையில் முழு வாக்கியம் எழுத யாருக்கு அவகாசம்?

எனவே, ‘மந்திர ஆற்றல் தீர்ந்துவிட்டது’ என்பது ‘ஓ.ஓ.எம்.’ ஆயிற்று. ‘விசைப்பலகையை விட்டு எழுந்துள்ளேன்’ என்பது ‘ஏ.எஃப்.கே.’ ஆயிற்று. ‘சேர்ந்தாடக் குழு தேடுகிறேன்’ என்பது ‘எல்.எஃப்.ஜி.’ ஆயிற்று. ‘மாப்’ என்பதைக் கூட்டம் என்று பொருள் கொள்வோர் ஏமாறுவர். நடமாடும் உயிர் என்னும் பொருளுடைய ‘மொபைல்’ என்ற சொல்லின் குறுக்கம் அது. எவர்குவெஸ்ட்டில், தன்னைத் துரத்திவரும் விலங்குகளோடு ஓடிவருபவன் ‘டிரெயின்’ என்று எழுதுவான். வழியில் நிற்போரே, விலகுங்கள் என்பது அதன் பொருள். ஒரே சொல்லில் பிறர் நலம் பேணும் எச்சரிக்கை அடங்கியிருப்பதைக் காண்க.

அரபு மத்ரஸாவில் ஓதியவர்க்கு இது புதுமையன்று. ஹதீஸ் ஏடுகளில் ‘ஹத்தஸனா’ என்பதை ‘ஸனா’ என்றும், ‘அக்பரனா’ என்பதை ‘அனா’ என்றும் எழுதிய முன்னோர் சோம்பேறிகளல்லர். ஓர் அறிவிப்பாளர் தொடரிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தை ‘ஹா’ என்னும் ஒற்றை எழுத்தால் குறித்தனர். ஸஹீஹ் முஸ்லிமில் இதனைப் பரக்கக் காணலாம். எழுதியவர் சுருக்கினார், ஓதுபவர் விரித்தார். இருவருக்குமிடையே உடன்படிக்கை இருந்தது.

ஆயினும், ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னு ஸலாஹ் அவர்கள், நபிகளாரின் பெயரோடு எழுதும் ஸலவாத்தைக் குறியீடுகளாகச் சுருக்குவதை விரும்பவில்லை. அறிவிப்புச் சொல்லைச் சுருக்கினால் காகிதம் மிச்சப்படும். ஸலவாத்தைச் சுருக்கினால் செலுத்த வேண்டிய கண்ணியம் குறையும். நம் தமிழ் ஏடுகள் ‘(ஸல்)’ என்று அச்சிடுவதும், வாசிப்பவர் நா முழுமையாக மொழியும் என்ற நம்பிக்கையிலேதான். அந்த நம்பிக்கை பொய்த்தால், குற்றம் அச்செழுத்தின்மீது மட்டுமன்று.

இந்த அளவுகோலையே இளைஞர் மொழிக்கும் வைப்போம். ‘ஓ.ஓ.எம்.’ எவர் கண்ணியத்தையும் குறைக்கவில்லை. அதை ஏசுவது வீண். ஆனால் ‘என்.பி.சி.’ என்பதை ஆராய்ந்தே ஏற்க வேண்டும். ஆடுவோர் எவரும் இயக்காத பாத்திரம் என்பது அதன் முதற்பொருள். கணினியில், சொன்னதையே சொல்லி நிற்கும் கடைக்காரரும் காவலாளியும் அவ்வகையினர். அதுவரை பழுதில்லை. 2018ஆம் ஆண்டளவில் இச்சொல்லை, சுயசிந்தனையற்றவர் என்று உயிருள்ள மனிதரை எள்ளவும் பரவலாக எடுத்தாண்டனர். இங்கே சுருங்கியது சொல்லன்று, மனிதன். ஆதமின் மக்கள் கண்ணியப்படுத்தப்பட்டவர்கள் என்றுரைக்கும் திருமறை, அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் இழிவான பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கின்றது.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கது ஏசுவதன்று, வினவுவது. “இச்சொல்லை விரித்துச் சொல், வாப்பா” என்று மகனிடம் கேளுங்கள். அவன் கூச்சமின்றி விரித்துரைத்தால் அது தொழிற்சொல்; விரிக்க நாணித் தலைகுனிந்தால், அச்சொல்லின் குற்றத்தை அவனே உணர்ந்துவிட்டான். அதற்குமேல் நீங்கள் உபதேசிக்க வேண்டியது சிறிதளவே இருக்கும்.