எத்தனை ஊருக்குள் முத்தூர்?

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் போதும், போர்டுகளை வைத்தே ஒரு ஆட்டம் ஆடலாம். ஒரே எழுத்துக்கோவை எந்தெந்த ஊர்ப்பெயரில் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்கிராபிள்காரர்கள் ஆங்கிலத்தில் தேடுகிற அதே வித்தை.

இந்த ரோட்டில் ‘பாளையம்’ கேட்பது அழுகுணி ஆட்டம். கவுண்டம்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்று கண்டக்டரே விடையைக் கூவிவிடுவார். ‘நல்லூர்’ கொஞ்சம் மேல்: சிங்காநல்லூர், பெருமாநல்லூர்.

எனக்குப் பிடித்தது ‘முத்தூர்’. தொண்டாமுத்தூர் சிறுவாணி மலைப் பக்கம், குனியமுத்தூர் பாலக்காடு ரோட்டில். இரண்டுக்குள்ளும் முழுசாக உட்கார்ந்திருக்கும் முத்தூரோ, தனி ஊராகவே வெள்ளகோவில் பக்கம் இருக்கிறது!

‘னூர்’ என்றால் போத்தனூர், சோமனூர் எல்லோருக்கும் வரும். அன்னூரை விட்டுவிடுவார்கள், அங்கே ‘ன்’ முந்திக்கொண்டு கண்ணை மறைக்கும். ‘ரூர்’ கேட்டால் பேரூருக்கு ஜோடி கரூர். திருப்பூரின் ‘பூர்’ கேட்டால்தான் வம்பு, நாக்கு கொங்கு நாட்டைத் தாண்டி ஆம்பூருக்கு ஓடும். வெளியூர் செல்லாதுங்க என்று பக்கத்து சீட்டுக்காரர் அதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார்.