பட்டாளச் சரித்திரமும் பால்மரக்காட்டுப் பெண்களும்

ஒரு பட்டாளத்தின் யுத்தகால ஊழியத்தைச் சரித்திரமாக எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். தலைவரின் புகழைப் பாடுவது ஒரு வழி; அதிகாரிகளின் நினைவுகளைத் தொகுப்பது மற்றொரு வழி. வரிசையில் நின்ற சாதாரணச் சிப்பாயின் வாய்மொழியைப் பதிந்து வைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. ஜான்ஸி ராணிப் படையைப் பொறுத்தவரை, அந்த மூன்றாவது வழியில் தமிழர்களாகிய நாம் போதிய தூரம் நடக்கவில்லை என்பதே நமது குறை.

அப்படையின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1943ஆம் வருஷம் ஜூலை 9ஆம் தேதி, சிங்கப்பூர்ப் பாடாங் திடலில் சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படை ஒன்று வேண்டுமென்று அறைகூவினார். மூன்றே நாளில், சேலையுடுத்திய பெண்கள் துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தனர். அவர்களைத் திரட்டியவர் சென்னையில் வைத்தியம் பயின்று, 1940இல் சிங்கப்பூர் வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ வீதியில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்கள் அனைவரும் தொண்டர்கள். அவர்களிற் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். அவர்களிலும் மிகப் பலர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்.

இனி நூல்களுக்கு வருவோம். லட்சுமி அம்மையாரின் சுயசரிதம் 1997இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தளபதியாயிருந்தவரே எழுதியது என்ற பெருமை அதற்கு உண்டு. ஆயினும் தளபதி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அணிவகுப்புத்தான் கண்ணுக்குத் தெரியும். அணியில் நிற்பவளின் கால் கொப்புளம் தெரியாது. இது அவர் குற்றமன்று. அவ்வகை நூலின் எல்லை. ஜாய்ஸ் லெப்ரா என்ற அமெரிக்கப் பேராசிரியை 2008இல் சிங்கப்பூரிலிருந்து வெளியிட்ட நூல் படையின் கதையை ஒழுங்குபடத் தொகுத்துத் தருகிறது. வேரா ஹில்டபிராண்ட் 2016இல் வெளியிட்ட நூலோ, எஞ்சியிருந்த மூதாட்டிகளைத் தேடிச் சென்று கேட்டு எழுதப்பட்டது. மூன்றனுள் நாம் அதிகம் கடன்பட்டிருப்பது இதற்கே.

இந்நூல் நம்மவரிற் சிலருக்குக் கசப்பாகவும் இருக்கும். படையில் ஆயிரக்கணக்கானோர் இருந்தனர் என்ற மேடைக் கணக்கை அது ஏற்கவில்லை. ஐந்நூறுக்கும் குறைவாகவே மதிப்பிடுகிறது. அவர்கள் போர்முனையில் சமர் புரிந்தனர் என்பதையும் மறுக்கிறது. 1944இல் பர்மாவின் மேமியோவரை சென்ற அப்பெண்கள், இம்பாலிலிருந்து குற்றுயிராய்த் திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை செய்தனர் என்பதே உண்மை. தொகை குறைந்தால் தியாகம் குறையுமா? சீழ் வடியும் புண்ணைக் கழுவிக் கட்டிய கை, துப்பாக்கி சுடவில்லை என்பதற்காகத் தாழ்ந்துவிடுமா? பொய்க்கணக்கால் உயர்த்தப்பட்ட புகழ், மெய்க்கணக்கு வந்த அன்றே சரிந்துவிடும்.

நிற்க. தோட்டத்துப் பெண் ஏன் படையிற் சேர்ந்தாள்? 'தேசபக்தியால்' என்று ஒரே சொல்லில் விடை கூறி நமது பிரசங்கிகள் இறங்கிவிடுகின்றனர். அக்காலத்துத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். பால்வெட்டு நின்றுபோயிற்று, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே உணவு. சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆடவரை ஜப்பானியர் வாரிக்கொண்டு போயினர். அங்கே மாண்ட தமிழர் பல்லாயிரவர். துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சியே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, முகாமில் வயிற்றுக்குச் சோறும், உடுக்கச் சீருடையும், 'நீயும் மனுஷி' என்ற மரியாதையும் கிடைத்தன. சாதி பாராமல் எல்லோரும் ஒரு சமையலை உண்டனர். எழுத்தறியாதவள் ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி கற்றாள். பசியால் வந்தவளும் உண்டு, பக்தியால் வந்தவளும் உண்டு. இரண்டும் ஒருத்தியிடமே இருந்திருக்கவும் கூடும். பசியை மறைத்து எழுதுவது அவளைப் பெருமைப்படுத்துவதாகாது. அவளைப் பட்டினி போட்ட அமைப்பைக் காப்பாற்றுவதே ஆகும்.

படைக்குள்ளும் படிப்பு ஒரு வேலியாய் நின்றது. ஆங்கிலம் கற்ற பட்டணத்துப் பெண்களே பெரும்பாலும் அதிகாரிகளாயினர். பிற்காலத்தில் நம் காதில் விழும் பெயர்களும் அவர்களுடையவையே. மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கத்தில் பங்குகொண்டு, பின்னர் மேலவையில் அமர்ந்த ஜானகி ஆதி நாகப்பனும், பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்துக்காகப் போராடிய ராசம்மா பூபாலனும் நமது வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, வழியில் ரயில் தாக்கப்பட்டு உயிரிழந்த ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்களை நமது ஆண்டுவிழாக்களில் எத்தனைபேர் நினைத்தோம்?

இதை எழுதுபவன் தோட்டக் கிராணி. ஆங்கிலப் பள்ளியிற் படித்தவன். மேற்சொன்ன நூல்களை நான் படிக்க முடிந்தது அப்படிப்பினால். யாரைப் பற்றி அவை எழுதப்பட்டனவோ அவளால் அவற்றைப் படித்திருக்க முடியாது. இவ்வெட்கம் எனக்கும் உரியதே. செக்ரோல் புத்தகத்தில் ஒருத்தியின் பெயர் விடுபட்டால் அன்றைய கூலி அவளுக்கு இல்லை என்பதை நாள்தோறும் காண்கிறேன். சரித்திரப் புத்தகத்தில் விடுபட்டவளுக்கோ மறுநாள் வந்து முறையிடவும் வழியில்லை.

அப்பெண்களிற் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். லட்சுமி அம்மையார் 2012இலும், ஜானகி அம்மையார் 2014இலும் காலமாயினர். ஆயினும் மக்களும் பேரர்களும் இருக்கின்றனர். பாட்டி சொன்னது அவர்கள் நினைவில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணங்களுக்குச் சிதறிய இக்காலத்தில் அந்நினைவும் நெடுநாள் நில்லாது. எனவே வாசகர்காள், உங்கள் வீட்டில் அத்தகைய ஒருத்தி இருந்திருந்தால், அவள் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், அவள் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதி வையுங்கள். வீரத்தோடு அச்சத்தையும், கொடியோடு பசியையும் சேர்த்தே எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். அவள் சரித்திரத்துக்கு அவள் சொல்லே போதும்.