இசேயின் தூண்கள்

ஜப்பானின் இசே ஆலயத்துக்குள் நுழைய உஜி மரப்பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தின் இரு முனைகளிலும் நிற்கும் தோரண வாசல்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முந்தைய கோயில்களின் கூரை முகட்டைத் தாங்கிய தூண்கள்தாம் இவை. இங்கே பணி முடிந்ததும் வேறு ஊர்களில் மீண்டும் வாசலாக எழும். எவ்வளவு அழகான சிக்கனம்!

கோயிலையே புதிதாகக் கட்டும் வழக்கம் கி.பி. 690இல் தொடங்கியது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்து மனையில் அதே அளவில் புதுக்கோயில். போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோனதும் உண்டு. 2013இல் நடந்தது 62ஆவது முறை. ஹினோகி மரம், புல் வேய்ந்த கூரை. அடிக்கல் இல்லாமல் மண்ணிலேயே நடும் தூண்கள். தாத்தா பிடித்த உளியைப் பேரன் பிடிக்கிறான்.

இப்போது காலியாக இருக்கும் மனையில் கூழாங்கற்களும் ஒரு சின்ன மரக்கூடும் மட்டுமே. 2033இல் எழவிருக்கும் கோயிலின் நடுத்தூணுக்கான இடத்தில் நிற்கிறது அந்தக் கூடு.