பளபளக்கும் வெண்கலம்

அருங்காட்சியகத்தில் நகல் என்றாலே நமக்கு ஒரு இளக்காரம். 'ஒரிஜினல் இல்லையா?' என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம். பண்டைய ரோம அறுவைக் கருவிகளின் நகல்கள் விஷயத்தில் அந்த இளக்காரம் தேவையில்லை என்பது என் கட்சி. எனக்கு அவற்றின் மீதுள்ள புகார் வேறு.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை பொம்பெயி நகரை மூடியது. 1770-71-இல் அங்கே தோண்டியபோது ஒரு வீட்டில் அறுவைக் கருவிகள் கிடைத்தன. 'அறுவை மருத்துவர் வீடு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பொம்பெயி கருவிகள் இன்று நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் நகல்கள் அமெரிக்காவில் வர்ஜினியா பல்கலைக்கழக மருத்துவ நூலகம் வரை போயிருக்கின்றன.

ஒரிஜினல் பச்சைக் களிம்பேறிக் கிடக்கிறது. புதிதாக வார்த்த நகலோ பொன்னிறத்தில் மின்னுகிறது. பார்த்தால் போலி மாதிரிதான் தெரியும். ஆனால் ரோம மருத்துவர் கையில் எடுத்தது களிம்பை அல்ல, இந்தப் பொன்னிறத்தைத்தான். மகப்பேற்று மருத்துவத்துக்கான ஸ்பெகுலத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று அல்லது நான்கு இதழ்கள், அவற்றை விரிக்க ஒரு திருகு. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஒரிஜினலை யாரும் தொட விடமாட்டார்கள். திருகத் திருக இதழ்கள் விரிவதை நகலில்தான் கையால் உணர முடியும்.

கத்தி விஷயம் சிக்கலானது. பிடி வெண்கலம், அலகு இரும்பு. பிடியின் மறுமுனை இலை வடிவில் மழுங்கலாக இருக்கும், வெட்டிய இடத்தில் தசையை விலக்குவதற்கு. பல கத்திகளில் இரும்பு துருவேறி உதிர்ந்துவிட்டது, மிஞ்சியது பிடிதான். நகல் செய்பவர் அலகைத் தானே பொருத்தியாக வேண்டும். செய்யட்டும். 'இது எங்கள் சேர்க்கை' என்று குறிப்பில் ஒரு வரி போட்டால் போதும். போடாவிட்டால் ஊகம் சான்றாகிவிடும்.

என் புகார் இதுதான்: வரிசையாக அடுக்கிய நகல்களைப் பார்த்ததும் 'அட, இன்றைய கருவிகள் மாதிரியே இருக்கே' என்று வியக்கிறோம். வியப்பு அதோடு நின்றுவிடுகிறது. வடிவம் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஈதர் மயக்க மருந்து உலகறிய வந்தது 1846-இல். லிஸ்டர் கிருமிநீக்க முறையை எழுதி வெளியிட்டது 1867-இல். இந்த வெண்கலம் உடம்பைத் தொட்ட காலத்தில் இரண்டுமே இல்லை. நல்ல அறுவை மருத்துவரின் தகுதிகளைப் பட்டியலிட்ட முதல் நூற்றாண்டு எழுத்தாளர் செல்சஸ், நோயாளியின் அலறலால் கை அவசரப்படக் கூடாது, வெட்ட வேண்டியதைவிடக் குறைவாக வெட்டவும் கூடாது என்பதையும் அதில் சேர்த்தார். அலறல் அங்கே அன்றாடம். தாயைக் காப்பாற்ற, வயிற்றில் இறந்துபோன சிசுவை இழுத்தெடுக்கும் கொக்கியும் அக்காலக் கருவிகளில் உண்டு. பளபளக்கும் நகலாக அது அடுக்களைச் சாமான் போல அழகாக இருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

இத்தாலியின் ரிமினி நகரில் 1989 முதல் தோண்டி எடுத்த மருத்துவர் வீட்டில் சுமார் 150 கருவிகள் கிடைத்தன. அந்த வீடு மூன்றாம் நூற்றாண்டில் தீயில் அழிந்தது. சில கருவிகள் அந்த வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. எது சலாகை, எது இடுக்கி என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு உலோகக் கட்டி. அதை யாராவது நகல் எடுத்து, மின்னும் வரிசைக்குப் பக்கத்தில் வைக்கட்டும். அந்தக் கொக்கியின் அருகே, அது யாருக்காக, எந்த நிலையில் பயன்பட்டது என்பதையும் மழுப்பாமல் எழுதட்டும். நகல் நல்ல வாத்தியார். பாடத்தைப் பாதியில் நிறுத்துகிறார், அவ்வளவுதான்.